சாட்சியமும் கவிதையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னிப் பாடசாலைகளில் தமிழ் இலக்கியம் கற்பிப்பதால் ஆவதென்ன என்ற கேள்வி தொடர்பாக அண்மையில் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் இரு கடிதங்கள் வெளிவந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழ முயலும் ஒரு பிரதேசத்தின் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் தகவல் தொழில்நுட்பமும் தொழிற்பயிற்சியுமே உடனடித் தேவை என்றும், இலக்கியம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றும் முதலாமவர் வாதிட்டிருந்தார். அவருக்கு மறுப்பு எழுதிய மற்றவர், எமக்கு நேர்ந்தவற்றைப் பதிவு செய்யவும் உலகுக்கு எடுத்துச் சொல்லவும் இலக்கியத்தை விட்டால் வேறு வழியில்லை, ஆகையால் அது வேண்டும் என்றார். என் மனம் இரண்டாமவரின் பக்கமே சாய்கிறது. ஆனால் அவர் காட்டிய காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இருவருமே இலக்கியத்திடம் வேறொன்றின் வேலையைக் கேட்கிறார்கள். அந்த வேலைக்கு அது உதவாது என்கிறார் ஒருவர், உதவும் என்கிறார் மற்றவர். இலக்கியத்துக்கென்று ஒரு வேலை உண்டா என்ற கேள்வியை இருவரும் எழுப்பவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் எதிர்கொண்டவன் என்ற முறையில், என் கருத்தைச் சற்று விரிவாக எழுத இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இலக்கியக் கோட்பாடு என்றதும் அது பல்கலைக்கழகத்தாரின் விவகாரம் என்று விலகிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இலக்கியத்தால் பயனில்லை என்று சொல்பவரும் ஒரு கோட்பாட்டைத்தான் சொல்கிறார். அதுவும் மிகப் பழைய கோட்பாடு. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், கவிஞன் உண்மையிலிருந்து மிகத் தொலைவில் நின்று நிழல்களைப் படைக்கிறான், அடக்க வேண்டிய உணர்ச்சிகளுக்குத் தண்ணீர் வார்க்கிறான் என்று குற்றஞ்சாட்டி, தமது நகரில் அவனுக்கு இடம் மறுத்தார். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. கவிதை இன்பம் தருவது மட்டுமன்று, மனித வாழ்வுக்குப் பயன் தருவதுமாகும் என்று எவரேனும் உரைநடையிலாவது வாதிட்டு நிறுவினால் மகிழ்ச்சியோடு செவிமடுப்போம் என்றும் அதே இடத்தில் எழுதினார். மேற்குலகில் பின்னர் எழுந்த கோட்பாடுகளிற் பெரும்பாலானவை அந்த அழைப்புக்குச் சொல்லப்பட்ட மறுமொழிகளே. எமது மரபிலும் நன்னூலார், அறமும் பொருளும் இன்பமும் வீடும் அடைதலே நூலின் பயன் என்று பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். எனவே பயன் என்ன என்று கேட்பதை இலக்கியத்துக்கு எதிரான கேள்வியாக நான் கருதவில்லை. அதை நேர்மையாகக் கேட்க வேண்டும், பதிலையும் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிளேட்டோவுக்கு முதல் மறுமொழி அவருடைய மாணவரிடமிருந்தே வந்தது. நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை, ஆதலால் வரலாற்றைவிடக் கவிதை தத்துவத்துக்கு நெருக்கமானது என்றார் அரிஸ்டாட்டில். வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸின் நூலைச் செய்யுளாக மாற்றினாலும் அது வரலாறாகவே இருக்கும் என்று அவர் சேர்த்துச் சொன்னதை இன்று வன்னியில் எழுத வருகின்ற இளையோர் ஒவ்வொருவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நடந்ததை வரி வரியாக உடைத்து எழுதினால் அது கவிதையாகிவிடும் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இங்கே நான் தவறாகப் புரிந்துகொள்ளப்படக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுதல் எமக்கு இன்று கடமை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் ஒருவர் தம்முடன் கொண்டு திரியும் கோவையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றப்பட்ட அந்தக் கோவையில் பிள்ளையின் கடவுச்சீட்டு அளவுப் படம், பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, கடைசியாகக் கண்ட இடமும் திகதியும் எழுதிய தாள் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். அந்தத் தாள்களில் ஒரு பெயரின் எழுத்துப் பிழைகூட இருக்கலாகாது; ஒரு திகதி மாறினாலும் அடுத்த விசாரணையில் அதுவே அவருக்கு எதிராக நிற்கும். அங்கே கற்பனைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அந்தக் கோவையின் வேலையைக் கவிதை செய்யப் புகுந்தால் இரண்டுமே கெடும். சான்றின் மீது ஐயம் விழும். கவிதை ஒரு மனுவாகச் சுருங்கும்.

இந்த வேறுபாட்டை எமது முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர். பாண்டியன் அவையில் 'தேரா மன்னா' என்று தொடங்கும் கண்ணகி, தன் ஊரையும் குலத்தையும் கணவனையும் சொல்லி, 'கண்ணகி என்பது என் பெயரே' என்று முடிக்கிறாள். அவள் நிற்பது வழக்காடும் இடம். அங்கே பெயர் வேண்டும், பரல் மாணிக்கமா முத்தா என்ற சான்றும் வேண்டும். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. இளங்கோ எழுதியதோ அந்தத் தீர்ப்பு வெளிவந்த பிறகும் முடியாத ஒன்றை. மதுரையை எரித்த சினத்தோடு கண்ணகி இங்கே வந்து அமர்ந்தாள் என்ற நம்பிக்கையில், வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரித்து, அவள் கதையைப் பாடியும் கூத்தாக ஆடியும் வருகிறவர்கள் எம் மக்கள். அவர்களை அங்கே அழைத்துச் செல்வது ஒரு பழைய வழக்கின் தீர்ப்பு அன்று. நியாயம் கிடைத்த பிறகும் ஆறாத துயரம் என்ற ஒன்று உண்டென்பதை அந்தக் கதையைவிடத் துல்லியமாக அவர்களுக்கு வேறெதுவும் சொல்லவில்லை.

காதலைப் பாடும் அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் விதித்த விதி இதற்கு நேர்மாறானது. 'மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்கிறது அகத்திணையியல். அவையில் பெயர் இன்றியமையாதது. அகத்தில் பெயர் வரவே கூடாது. ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். இன்னார் மகள் இன்னாரைப் பிரிந்தாள் என்று சொன்னால் அது அவ்விருவரின் செய்தியாக நின்றுவிடும். பெயரை நீக்கி, காட்டையும் மாலையையும் மழையையும் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்துக்குள் வந்து நிற்க முடியும் என்று நான் பதில் சொல்வதுண்டு. பெயர் சொல்ல இடமுள்ள புறத்திணையிலும் இந்த ஆற்றலை அறிந்து கையாண்டவர்கள் இருந்தார்கள். பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' என்ற பாடலைப் பாருங்கள். தந்தையையும் மலையையும் இழந்த கதை ஐந்து அடிகளில் முடிகிறது. அதில் பாரியின் பெயர் இல்லை, பறம்பின் பெயர் இல்லை, போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லை. இரண்டு நிலவு இரவுகள் மட்டுமே இருக்கின்றன.

என் ஆசிரியப் பணியில் இந்த உண்மை எனக்கு மிக நெருக்கமாகப் புலப்பட்டது குறுந்தொகையின் 130ஆம் பாடலைக் கற்பித்தபோதுதான். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடலை ஒரு பதினோராம் தர வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். வெள்ளிவீதியார் பாடியது.

நிலந்தொட்டுப் புகாஅர் வானம் ஏறார்
விலங்கிரு முந்நீர் காலிற் செல்லார்
நாட்டின் நாட்டின் ஊரின் ஊரின்
குடிமுறை குடிமுறை தேரின்
கெடுநரும் உளரோநம் காத லோரே

பிரிவால் வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். உன் காதலர் நிலத்தைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடமாட்டார், வானத்தில் ஏறிவிடமாட்டார், கடலின்மேல் காலால் நடந்து போய்விடமாட்டார். நாடு நாடாக, ஊர் ஊராக, வீடு வீடாகத் தேடினால் அகப்படாமல் போவாரும் உண்டோ என்கிறாள். பொருள் சொல்லி முடித்ததும் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அப்பவும் வீடு வீடாய்த் தேடினவையோ?" என்று கேட்டாள். அவளுடைய தகப்பனார் 2009 மே மாதத்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை என்பதும், தாயார் படத்தோடு எத்தனையோ வாசல் ஏறி இறங்கியவர் என்பதும் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சற்று நேரம் கழித்து அவளே இன்னொன்றையும் சொன்னாள். தோழி இப்படிக் கேட்கிறாள், ஏனென்றால் ஒருவரும் அப்படித் தொலைந்துபோக முடியாது என்று அவள் நம்புகிறாள். எங்களிடம் கேட்டால் நாங்கள் 'உளர்' என்றுதான் சொல்வோம்.

நான் படித்த எந்த உரையிலும் இந்த விளக்கம் இல்லை. வெள்ளிவீதியாரின் காலத்தில் விடையை எதிர்பாராமல் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, கிளிநொச்சியின் ஒரு வகுப்பறையில் விடை வேண்டி நிற்கும் கேள்வியாக மாறிவிட்டது. பனுவலின் பொருள் அதை எழுதியவரிடம் முடிந்துவிடுவதில்லை, வாசிப்பவரிடமே திரண்டு வருகிறது என்று பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1967இல் எழுதியதைப் பட்டப்படிப்பில் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன். அந்தப் பாடல் அம்மாணவியின் தகப்பனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆயினும் தன் வீட்டில் மட்டும் நடந்ததாக அவள் எண்ணியிருந்த தேடலை அதற்குள் கண்டாள். கண்டதோடு நில்லாமல், அந்தப் பாடலோடு வழக்காடவும் செய்தாள். அரசாங்கக் கோவை ஒன்றில் அவளுடைய தாயார் முறைப்பாட்டாளர். இந்த ஐந்து அடிகளுக்குள் அவளும் அவள் தாயும் ஒரு பழைய கேள்விக்கு மறுமொழி சொல்லும் உரிமை பெற்ற மனிதர்கள். முதற் கடிதத்தை எழுதிய அன்பர் இலக்கியத்தின் பயன் என்ன என்று கேட்டால் நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

இதே இடத்தில், நிலத்தையும் அதற்குரிய உணர்வையும் இணைத்துப் பார்க்கும் திணைக் கோட்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னி நிலத்தைத் தொல்காப்பியரின் கண்ணால் பார்த்தால் காடும் குளமும் வயலும் கடலும் ஒரு நாள் நடையில் அடுத்தடுத்து வரும். முல்லையும் மருதமும் நெய்தலும் இங்கே பாடப்புத்தகச் சொற்களாக இருப்பதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் செல்லும் வீதியில் மூன்றையும் காணலாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை 2009இன் முதல் மாதங்களில் நாம் நேரிலேயே கண்டோம். ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது முல்லையின் உரிப்பொருளாகிய, அதாவது அத்திணைக்குரிய உணர்வாகிய, இருத்தல். முல்லைத் தலைவி காத்திருக்கிறாள். அவளுடைய காத்திருப்புக்கு ஒரு பருவம் உண்டு. கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிச் சென்றவன் வருவான், தேரின் மணியோசை கேட்கும் என்ற உறுதியின் மேல்தான் அந்தத் திணையே கட்டப்பட்டிருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே போராட்டம் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் காத்துத்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய காத்திருப்புக்குப் பருவம் இல்லை. அதை நெய்தலின் இரங்கல் என்று சொல்வதற்கும் முடியாது, ஏனெனில் இழந்துவிட்டோம் என்று ஏற்றுக்கொள்ள அவர்கள் மறுக்கிறார்கள். அந்த மறுப்பே அவர்களுடைய போராட்டம். இருத்தலும் அன்று, இரங்கலும் அன்று என்ற இந்த நிலைக்கு ஐந்திணையில் இடமில்லை. தொல்காப்பியரிடம் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கோட்பாடு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதன் எல்லை எங்கே முடிகிறது என்று அது எமக்குக் காட்டுவதே. அந்த எல்லைக்கு அப்பால் உள்ளதை இனி எழுதப்போகிறவர் வன்னியிலிருந்துதான் வருவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது கடிதத்தில் காணப்பட்ட நிலைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் இளையோர் அறிந்திருத்தல் நல்லது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தோரும், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்ற திறனாய்வாளர்களும், இலக்கியம் சமூகத்திலிருந்து பிறக்கிறது, ஆதலால் சமூகத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று வாதிட்டனர். பேச்சுத் தமிழில் கதை எழுதுவதை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் இகழ்ந்த காலம் அது. அந்தப் பொல்லாத சொல்லை எதிர்த்து நின்று, ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சையும் வாழ்வையும் அச்சுக்குக் கொண்டுவந்தமைக்காக அந்த இயக்கத்துக்கு ஈழத்து இலக்கியம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே யாருடைய பக்கம் நிற்கிறது என்று கேட்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. எழுத்தாளர் மு. தளையசிங்கம் அப்போதே இதை எதிர்த்து எழுதினார். அவருடைய ஆன்மீக முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லையெனினும், மனிதனின் அகத்தைச் சமூக விதிகளுக்குள் முழுமையாக அடக்கிவிட முடியாது என்ற அவருடைய முறையீட்டில் நியாயம் இருந்தது. பின்னர் வந்த போராட்டக் காலத்தில் பக்கத்தின் பெயர் மாறியதே தவிர அளவுகோல் மாறவில்லை. இன்று அதே அளவுகோல் சாட்சியம் என்ற பெயரில் எம்மிடம் வந்து நிற்கிறது.

அளவுகோல் தவறாக இருக்கும்போது எழுத்தே தேய்ந்துவிடுகிறது. 1917இல் ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்லோவ்ஸ்கி, பழக்கம் எம் கண்ணை மறைக்கிறது, கல்லைக் கல்லாக மீண்டும் உணரச் செய்வதே கலையின் பணி என்று எழுதினார். ஒவ்வொரு மே மாதமும் பத்திரிகைகளில் வெளிவரும் கவிதைகளை இந்த நோக்கில் ஒருமுறை படித்துப் பாருங்கள். குருதி தோய்ந்த மண், தலையிழந்த பனை, ஊமையான கடல், சிதைந்த கூடு என்ற தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. எழுதியவர்களின் துயரம் முற்றிலும் உண்மையானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தத் தொடர்கள் இப்போது எதையும் காட்டுவதில்லை. படிப்பவர் கண் அவற்றின் மேல் வழுக்கிச் சென்றுவிடுகிறது. உண்மையான துயரம் தேய்ந்த சொற்களில் எழுதப்படும்போது அது யாரையும் சென்றடையாமல் போகிறது என்பதே எனது கவலை.

பதிவுக்காக எழுதப்படாத ஒரு நூல் எப்படி நிலைத்து நிற்கும் என்பதற்கு எம்மண்ணிலேயே சான்று உண்டு. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்புக் காட்டையும் குளத்தையும் களமாகக் கொண்ட ஒரு காதல், குடும்ப நாவல். 1984இல் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த ஊரில் பிறக்காத, அந்தக் காட்டைக் காணாத பிள்ளைகளும் இன்று அந்நாவலுக்குள் போய் வருகிறார்கள். ஊரின் விபரப் பட்டியலை அது அவர்களுக்குத் தருவதில்லை. அங்கே ஒருத்தி எப்படி நடந்தாள், எதற்கு அஞ்சினாள், எதை விரும்பினாள் என்பதைத் தருகிறது. ஆவணமாக எழுதியிருந்தால் ஆவணக் காப்பகத்தில் இருந்திருக்கும்.

வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன். எமது கூடார வரிசையில் இருந்த வயோதிபத் தாய் ஒருவர், தண்ணீர் பவுசருக்காக வரிசையில் நின்று திரும்பிய பின், மாலையில் கூடார வாசலில் இருந்து ஒப்பாரி சொல்லுவார். போரின் இறுதி மாதங்களில் முல்லைத்தீவுக் கடலோர மாத்தளனில் இறந்த மகனுக்காக அழுத அழுகை அது. அவனைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஒப்பாரியிலோ பொற்பல்லக்கு வந்தது, முத்துப் பந்தல் வந்தது, ஊரே திரண்டு வந்தது. அவையெல்லாம் அவருடைய தாயும் பாட்டியும் பாடிய அடிகள். மகனின் பெயரும் ஓரிரு உறவு முறைகளும் மட்டுமே அவர் சேர்த்தவை. நாலைந்து கூடாரங்களிலிருந்து பெண்கள் வந்து அருகே இருந்து, தத்தம் இழப்புக்காக அந்த அடிகளிலேயே சேர்ந்து அழுவார்கள். உண்மை நிகழ்வு என்று பார்த்தால் அந்த ஒப்பாரியில் ஒரு வரியும் உண்மையில்லை. ஆனால் மகனுக்குச் செய்ய வேண்டியிருந்து செய்ய முடியாமற்போன அனைத்தும் அதில் இருந்தன. அழுகை என்னும் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கினால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை கெடுதல், இல்லாமை. அந்த முகாமில் நான்கும் ஒரே கூடாரத்தில் இருந்தன. வேலப்பணிக்கன் தன் மனைவி அரியாத்தைக்காக அழுத ஒப்பாரியைத் தலைமுறைகளாகப் பாடிவந்த நாடு வன்னி. பசித்த வயிற்றோடும் நாற்று நட்டும் அருவி வெட்டியும் பாடியவர்களின் சொத்தை, வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வது எம் பாட்டிமார்களுக்கு இழைக்கும் அநீதி.

தொழிற்கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனது மாணவர்களில் மின்னிணைப்பாளராகவும் தாதியராகவும் விவசாயப் போதனாசிரியராகவும் இருப்போரைக் கண்டு பெருமைப்படுகிறேன். நேர வரையறை அட்டவணையில் ஒரு பாடத்துக்கு இடம் தேட மற்றொன்றை வெட்ட வேண்டும் என்ற அவசியம் எங்கும் இல்லை.

ஆனால் முதற் கடிதத்தை எழுதியவருடைய சலிப்பில் ஒரு பகுதிக்கு நாமே காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இலக்கிய நயம் கற்பிக்கப்படும் முறை அத்தகையது. 'கவிஞர் எளிய சொற்களைக் கையாண்டு தம் கருத்தைச் சுவைபட எடுத்துரைத்துள்ளார்' என்ற வாக்கியத்தை ரியூசன் கொப்பிகளிலும் வழிகாட்டி நூல்களிலும் விடைத்தாள்களிலும் கண்டிருக்கிறேன். கம்பனுக்கும் அது பொருந்தும், நேற்று எழுதியவருக்கும் பொருந்தும். பாடலைப் படிக்காமலே எழுதலாம். அணியின் பெயரைச் சொன்னால் புள்ளி கிடைக்கிறது. அந்த அணி அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்பார் இல்லை. இவ்வாறு கற்ற பிள்ளை பதினாறு வயதில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இதனால் என்ன பயன் என்று கேட்பது இயல்பே. ஒரு பாடவேளையில் ஒரே ஒரு பாடல், விடை எழுதும் நோக்கமின்றி, பிள்ளைகள் தம் வாயால் கேள்வி கேட்கும் வண்ணம் வாசிக்கப்பட வேண்டும் என்று வலயக் கல்வி அதிகாரிகளிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பணமோ கட்டடமோ தேவையில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறு இதழின் இலக்கியப் பக்கத்தில் பெரும் பகுதியை நூல் வெளியீட்டு விழாச் செய்திகளும், முதற்பிரதி வழங்கும் படங்களும், வாழ்த்துரைகளும் நிரப்புகின்றன. நூலில் என்ன இருக்கிறது, அது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிய வாசகருக்கு வழியில்லை. அந்தப் பக்கத்தில் பாதியை, ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கவிதையையோ சிறுகதையையோ எடுத்துக்கொண்டு அதை ஊன்றி வாசிக்கும் கட்டுரைக்கு ஒதுக்குவீர்களாயின், வன்னியில் எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் அது பேருதவியாக அமையும். பாராட்டு மட்டுமன்றி, உண்மையான மதிப்பீடும் அதில் இடம்பெற வேண்டும். குறை சொன்னால் எழுத்தாளர் மனம் நோகுமே என்ற தயக்கம் எம்மிடையே மிகுதி, ஆயினும் மாவட்டத்துக்கு வெளியே மதிக்கப்படும் எழுத்து இங்கிருந்து வரவேண்டுமாயின் அந்தத் தயக்கத்தைக் கடந்தே ஆக வேண்டும். பரந்தனிலும் முள்ளியவளையிலும் மல்லாவியிலும் இவ்வாறு எழுதக்கூடிய ஆசிரியர்களையும் வாசகர்களையும் நான் அறிவேன். கட்டுரையின் சொல் எல்லையையும் அனுப்ப வேண்டிய கடைசித் திகதியையும் தாங்கள் அறிவித்தால், முதல் சில வாரங்களுக்கான கட்டுரைகளைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கிளிநொச்சி.